எந்தத் துப்பாக்கி வாங்கலாம் சார்?

ஒரே மாதத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் என்னோடு காலையில் நடக்க வருகிற நண்பர், வயது 72. இன்னொருவர் என் பேத்தி, வயது 14. "எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம்?" என்பதுதான் கேள்வி.

ரிட்டயர்டு பேங்க் மேனேஜரிடம் பொதுவாக எஃப்.டி. எதில் போடலாம் என்று கேட்பார்கள். துப்பாக்கி பற்றி யார் கேட்பார்கள்? என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2016-ல் ஓய்வு பெற்று, மறு வருடம் 61-வது வயதில், ஊரில் இருக்கும் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தேன். கல்லூரி என்.சி.சி.யில் பாயிண்ட் 22 ரைஃபிள் சுட்ட ருசி நாற்பது வருடமாக மனதின் ஓரத்தில் கிடந்தது. அங்கே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட ஆரம்பித்து, இன்றுவரை சுட்டுக்கொண்டிருக்கிறேன். பதக்கம் கிதக்கம் எதுவும் இல்லை. "ஊர்ல எல்லாரும் இந்த வயசுல கோயில் குளம்னு போறாங்க, எங்க வீட்டுக்காரர் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டுப் போறார்" என்று என் மனைவி உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கேட்ட இருவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "இப்போ வாங்காதீங்க." பேத்தியிடம் சொன்னபோது 'இப்போ' என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னேன். நண்பரிடம் சொன்னபோது 'வாங்காதீங்க' என்பதை.

முதலில் பேத்தி விஷயம்.

2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். பேத்தி டிவியை விட்டு நகரவில்லை. அதே கலப்புப் போட்டியில் வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச்சை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 51 வயது, சாதாரண மூக்குக் கண்ணாடி, ஒரு கை பேன்ட் பாக்கெட்டில். "தாத்தா, உன்ன மாதிரியே இருக்கார்!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜார்ஜியா நாட்டு நீனோ சலுக்வாட்சே என்ற அம்மையார் 1988 சியோலில் தங்கம் வாங்கியவர். 55 வயதில் பாரிஸிலும் சுட்டார், அது அவருக்குப் பத்தாவது ஒலிம்பிக். ஆகவே வயதைச் சொல்லி யாரும் இந்த விளையாட்டிலிருந்து தப்பிக்க முடியாது.

மறுநாளே பேத்தி பிஸ்டல் வாங்கித் தரச் சொன்னாள். எது நல்ல கம்பெனி என்று மொபைலில் பார்த்து ஒரு பட்டியலே வைத்திருந்தாள். வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டல் என்றால் விலை லட்சங்களில் போகிறது. அவள் அப்பா, அதாவது என் மகன், என்னைப் பார்த்தான். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று, 4.5 மில்லிமீட்டர் ஈய பெல்லட்டைத் தள்ளும். 20 ஜூல் சக்திக்கு மிகாத 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. போட்டிப் பிஸ்டல்கள் இந்த எல்லைக்குள் தாராளமாக அடங்கும். அதற்காக அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணில் பட்டால் கண் போய்விடும். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் குறியில் பத்துப் பாயிண்ட் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., சட்டைப் பொத்தான் அளவு. நின்றுகொண்டு, ஒரே கையை நீட்டி, எதன்மேலும் சாயாமல் அதைச் சுட வேண்டும். போட்டியில் இப்படி 60 தடவை, ஒன்றேகால் மணி நேரத்துக்குள்.

இதற்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்டால், செருப்புக் கடைக்குப் போகாமலே எந்தச் செருப்பு நல்லது என்று கேட்கிற மாதிரி. கால் அளவு தெரியாமல் என்ன சொல்வது? இந்தப் பாடத்தை நான் பணம் கட்டிப் படித்தவன்.

சேர்ந்த இரண்டாவது மாதமே எனக்கு அவசரம் வந்துவிட்டது. கிளப் பிஸ்டலைப் பத்துப் பேர் எடுக்கிறார்கள், நமக்கென்று ஒன்று இருந்தால் ஸ்கோர் ஏறிவிடும் என்று நினைத்தேன். ஒருவர் தன் பழைய ஜெர்மன் பிஸ்டலை விற்பதாகக் கேள்விப்பட்டு, கோச்சிடம் கூடச் சொல்லாமல் போய் வாங்கிவந்தேன். ஓய்வூதியப் பணத்தில் பெரிய ஓட்டை.

கொண்டுவந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அதன் மரப் பிடி லார்ஜ் சைஸ், என் உள்ளங்கை மீடியம். கைக்குள் அது ஆடியது. ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் பிடிக்கிற விதம் மாறியது. அடுத்தது காற்றுச் சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்புகிற சிலிண்டருக்கு ஆயுள் பத்து வருடம், தயாரித்த தேதி அதன்மேலேயே பொறித்திருக்கும். என்னுடையது காலாவதி ஆகி இரண்டு வருடம். கிளப்பில் அதற்குக் காற்று நிரப்ப மறுத்துவிட்டார்கள், மறுத்தது சரியும்கூட. புதுச் சிலிண்டருக்குத் தனிச் செலவு. முப்பத்தைந்து வருடம் கடன் பத்திரத்தில் தேதி பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன், சிலிண்டரில் தேதி பார்க்கவில்லை!

மூன்றாவதுதான் பெரிய தமாஷ். கோச், என் மகன் வயதுப் பையன், "சார், உங்களுக்கு எந்தக் கண் மாஸ்டர்?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை வரும்படி வைத்து, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலது கண்ணை மூடினால் கடிகாரம் அப்படியே இருக்கிறது. இடது கண்ணை மூடினால் கடிகாரத்தைக் காணோம்! கை வலது, கண் இடது. இரண்டு மாதமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். கண்ணாடியின் இடதுபக்கம் ஒரு சின்ன மறைப்பை மாட்டிவிட்டார், செலவு ஏதும் இல்லை. அன்றைக்கே ஸ்கோர் ஏறியது.

ஆகவே புதிதாகச் சுட வருகிறவர்களுக்கு, பதினான்கானாலும் எழுபதானாலும், நான் சொல்வது இது. முதல் ஆறு மாதம் கிளப் பிஸ்டலில்தான் சுடுங்கள். அந்த ஆறு மாதத்தில் உங்கள் கையையும் கண்ணையும் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, பிடி. பிஸ்டலைப் பிடித்தால் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் இடையே இடைவெளி இருக்கக் கூடாது. ஆட்காட்டி விரலின் நுனிச் சதை, வளையாமல் நேராக டிரிக்கரில் உட்கார வேண்டும். பிடி கொஞ்சம் பெரிதாக இருந்தால் அரம் போட்டுத் தேய்க்கலாம், பள்ளமாக இருந்தால் மரப் பசை வைத்து நிரப்பலாம். பெரிய வீரர்களின் பிடிகளைப் பார்த்தால் தச்சுப் பட்டறையில் கிடந்தது போல இருக்கும்.

இரண்டு, கண். நம் வயதுக்காரர்களுக்கு இது முக்கியம். சுடும்போது பார்வை குறிமேல் இருக்கக் கூடாது, பிஸ்டலின் முனையில் இருக்கும் ஃப்ரண்ட் சைட்மேல் இருக்க வேண்டும். குறி மங்கலாகத் தெரிந்தால் போதும். நமக்கு ஃப்ரண்ட் சைட்தானே மங்கல்! படிக்கிற கண்ணாடியும் உதவாது, தூரக் கண்ணாடியும் உதவாது. கண் டாக்டரிடம், கை நீட்டினால் எவ்வளவு தூரமோ அந்தத் தூரம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி கேளுங்கள். பிஸ்டலுக்கு முன்னால் வாங்க வேண்டியது இதைத்தான்.

மூன்று, எடை. விதிப்படி ஏர் பிஸ்டல் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலானவை ஒரு கிலோவை ஒட்டி வரும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒரு கையால் நேராக நீட்டி இருபது எண்ணிப் பாருங்கள். பாட்டில் ஆடுகிறதா? எல்லோருக்கும் ஆடும். அதிகமாக ஆடினால் இன்னும் கொஞ்ச நாள் பாட்டிலே போதும். தோள்வலிக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

நான்கு, டிரிக்கர். குறைந்தது அரைக் கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்பது ஏர் பிஸ்டல் விதி. போட்டிக்கு முன் டிரிக்கரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். நாம் அதை வெடுக்கென்று இழுத்தால் பிஸ்டலே திரும்பிவிடும். எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தப் பழக வேண்டும். இதற்குப் பெல்லட்டே தேவையில்லை, வெள்ளைச் சுவரைப் பார்த்து வெறுமனே பழகலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு கடைக்குப் போனால், கடைக்காரர் சொல்வதை நீங்கள் கேட்க மாட்டீர்கள், நீங்கள் சொல்வதை அவர் கேட்பார். பழுதானால் பக்கத்தில் யார் பார்ப்பார்கள் என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கரின் பிஸ்டலே போட்டி நடுவில் பழுதாகி, அதைச் சரிசெய்வதில் நிமிடங்கள் கரைந்தன. உலகத்தரத் துப்பாக்கிக்கே அந்த கதி. ஊசிபோட ஆள் இல்லாத ஊரில் யானை வாங்கக் கூடாது.

இப்போது நண்பர் விஷயத்துக்கு வருகிறேன்.

அவருக்குப் பக்கத்துத் தெருவில் பூட்டிய வீட்டில் திருட்டு. பிள்ளைகள் இரண்டு பேரும் அமெரிக்காவில். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரி தூக்கமில்லை. "சார், உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. சின்னதா, லேசா, கைக்கு அடக்கமா ஒரு ரிவால்வர் சொல்லுங்க" என்றார். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-ல் பெண்களை மனதில் வைத்துக் கொண்டுவந்த 'நிர்பீக்' பற்றி எங்கோ படித்திருக்கிறார். பாயிண்ட் 32, அரைக் கிலோ எடை. அப்போதே விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல்.

புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. சின்னதாக, லேசாக இருந்தால் சுலபம் என்று நினைக்கிறோம். உண்மை தலைகீழ். ஒரே தோட்டாவை லேசான துப்பாக்கியில் சுட்டால் உதை அதிகம். அடுத்து, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள தூரம். அது 30 சென்டிமீட்டர் என்றால், சைட் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பத்து மீட்டரில் மூன்றரை சென்டிமீட்டருக்குள்தான் தள்ளிப்போகும். அதுவே 10 சென்டிமீட்டர் என்றால், அதே பிசகுக்குப் பத்து சென்டிமீட்டர் தள்ளும். சட்டைப்பைக்குள் அடங்குகிற துப்பாக்கிதான் சுடுவதற்கு மிகக் கஷ்டமானது. அது தேர்ந்தவர்களுக்கானது.

லைசென்ஸ் விஷயமும் சொன்னேன். கலெக்டரிடம், கமிஷனர் இருக்கிற ஊரில் கமிஷனரிடம் மனு. போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று. உயிருக்கு ஆபத்து என்றால் என்ன ஆபத்து என்று காட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். அவர் அசரவில்லை. "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்."

அப்போதுதான் எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். வெளியாரிடம் அதுவரை சொன்னதில்லை.

லால்குடிப் பக்கம் எங்கள் அப்பாவுக்கு ரைஸ் மில் இருந்தது. வசூல் பணத்தோடு ராத்திரி வருகிறவர் என்பதால் பாயிண்ட் 32 ரிவால்வருக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். வாங்கிய அன்று ஆற்று மணலில் இரண்டு தடவை சுட்டுப் பார்த்தார். அதோடு சரி, பீரோவில் வைத்துவிட்டார். அந்தப் பீரோவைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

1967, மார்கழி. எனக்குப் பதினொரு வயது. நடுராத்திரி நாய் குரைத்தது. கொல்லைச் சுவரில் யாரோ ஏறுகிற சத்தம். அப்பா ரிவால்வரை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தார். நான் அவர் வேட்டிக்குப் பின்னால். "எவன்டா அது?" என்று கத்தினார். பதில் வருவதற்குள் வெடித்துவிட்டது. சுட வேண்டும் என்று அவர் சுடவில்லை. சுத்தியலை முன்னாலேயே பின்னுக்கு இழுத்து வைத்திருந்திருக்கிறார். அப்படி வைத்தால் டிரிக்கர் லேசாகிவிடும், நடுங்குகிற விரல் பட்டாலே போதும். இந்த விவரம் எனக்கே ஐம்பது வருடம் கழித்து, கிளப்பில்தான் புரிந்தது.

"அண்ணே, நான்தாண்ணே!" என்று ஒரு குரல். சித்தப்பா. டூரிங் டாக்கீஸில் இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு, அண்ணனை எழுப்பினால் திட்டுவார் என்று பயந்து கொல்லைப் பக்கமாக வந்திருக்கிறார். குண்டு அவர் தலைக்கு ஒரு முழம் மேலே தென்னை மரத்தில் ஏறியிருந்தது.

அப்பா கிணற்றடித் துவைகல்லில் உட்கார்ந்தவர் விடிகிறவரை எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரமே ரிவால்வரையும் லைசென்ஸையும் ஒப்படைத்துவிட்டார். அதன்பின் சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. சித்தப்பா 84 வயது வரை இருந்தார். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். அப்பா மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

நண்பர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அடுத்த சனிக்கிழமை செயலாளரிடம் அனுமதி வாங்கி அவரைக் கிளப்புக்கு அழைத்துப் போனேன். துப்பாக்கி முனை எப்போதும் குறியைப் பார்த்தே இருக்க வேண்டும், சுடுகிற வரை விரல் டிரிக்கருக்கு வெளியே என்று கோச் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பத்துப் பெல்லட். ஆறு காகிதத்திலேயே படவில்லை.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பட்டப்பகல்ல, நிதானமா, எதிர்ல யாரும் இல்லாம, நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்து... இவ்வளவுதான் வருது சார்" என்றார். நான் சொல்ல நினைத்ததை அவரே சொல்லிவிட்டார்.

துப்பாக்கி சுடுவது நல்ல விளையாட்டு. மூச்சைச் சீராக்கும், மனதை ஒரு இடத்தில் நிறுத்தும். என் ரத்த அழுத்த மாத்திரை குறையவில்லை, ஆனால் கோபம் குறைந்திருப்பதாக வீட்டில் நற்சான்று கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆசையில் வருகிறவர்களுக்கு, மெதுவாக வாங்குங்கள் என்பேன். பயத்தினால் வாங்க வருகிறவர்களுக்கு, வாங்கவே வேண்டாம் என்பேன். பயம் பிடித்த கை குறி பார்ப்பதில்லை. கொல்லைச் சுவரில் ஏறுகிறவன் திருடனா தம்பியா என்று இருட்டில் அதற்குத் தெரியாது.

நண்பர் கொல்லைக் கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். பின்பக்கம் ஆள் நடந்தால் தானாக எரிகிற விளக்கு. பக்கத்து வீட்டில் அடிக்கிற மாதிரி ஒரு காலிங் பெல், படுக்கைக்குப் பக்கத்தில் அதற்கு ஸ்விட்ச். எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாய்தான் ஆனதாம். சனிக்கிழமைகளில் என்னோடு கிளப்புக்கும் வருகிறார். போன வாரம் பத்தில் எட்டு காகிதத்தில் பட்டது.

பேத்திக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. கோச் அவள் கையை அளந்தார். ஸ்மால் பிடி. பட்டியலில் முதலில் எழுதி வைத்திருந்த பிஸ்டலை அவளே அடித்துவிட்டாள். அது அவள் கைக்குக் கனமாம். "தாத்தா, இன்னும் மூணு மாசம் கிளப் பிஸ்டல்லயே சுட்டுட்டு அப்பறம் பாக்கலாமா?" என்றாள்.

சரி என்றேன். என் மகன் உத்தரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.